ராங்லர்: சஹாராவா, ரூபிகானா?

ஜீப் ராங்லர்தான் என்று முடிவெடுத்தவர்களும் சஹாரா, ரூபிகான் என்ற இரு வகைகளுக்கிடையில் தடுமாறுவதுண்டு. 2018இல் வந்த தலைமுறையை வைத்து இரண்டையும் ஒப்பிடுகிறேன்.

சரிவில்: கரடுமுரடான பாதைக்கான மெதுவான கியர் அமைப்பான லோ ரேஞ்சின் விகிதம் சஹாராவில் 2.72:1, ரூபிகானில் 4:1. விகிதம் கூடினால் சக்கரங்கள் மெதுவாகச் சுழலும் என்பதால், ரூபிகானில் செங்குத்தான இறக்கத்திலும் பிரேக்கை அதிகம் நம்பாமல் நடைவேகத்தில் இறங்கலாம்.

பிடிமானத்தில்: குழியின் விளிம்பில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், இருபுறச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல் அதனை வீணே சுழலவிட, மறுபுறச் சக்கரம் அசையாது நிற்கும். சஹாரா வீணே சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து ஓரளவு சமாளிக்கிறது. ரூபிகானிலோ முன், பின் இரு அச்சுகளிலும், இருபுறச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் லாக்கர்கள் இருப்பதால் தரையிலுள்ள சக்கரத்துக்கும் விசை தவறாமல் சேர்கிறது. வளைவுகளில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியான முன்புற ஸ்வே பாரைப் பொத்தானை அழுத்தி விடுவிக்கும் வசதியும் இதற்கு உண்டு. மேடுபள்ளங்களில் சக்கரங்கள் கூடுதலாக ஏறி இறங்க அது உதவும்.

தார்ச்சாலையில்: சஹாரா அமைதியானது. ரூபிகானின் 33 அங்குல டயர்கள் இரைச்சலிடும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

விலையில்: ரூபிகானே அதிகம். சஹாராவை வாங்கிப் பிறகு லாக்கர்களைப் பொருத்திக்கொள்ளலாம் எனக் கணக்குப் போடுபவர்கள், உதிரிபாகத்தோடு கூலியையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மிச்சம் பெரிதாக இராது.

மண்பாதையும் எப்போதாவது சேறும் மட்டுமே உங்கள் பயணம் என்றால் சஹாரா தாராளமாகப் போதும். பாறைகளில் அடிக்கடி ஏறுபவர் தொடக்கத்திலேயே ரூபிகானை வாங்கிவிடலாம்.