“ஐ7 கேமிங் செட்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பணத்தை எடுக்காதீர்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கேம் விளையாடுவதற்காக ஐம்பதாயிரத்துக்குள் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. எங்கள் பணத்தில் ஒரு பகுதி இன்னும் அங்கே நிற்கிறது. தவிர, பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையைத்தான் தவிர்ப்பீர்கள். இதே செட் வேறு கடையில் வேறு கேபினெட்டில் உட்கார்ந்திருக்கலாம்.

தம்பி காட்பாடியில் காலேஜ் சேர்ந்தான். அப்பா சீட்டு எடுத்த பணத்தோடு அவனைக் கூட்டிக்கொண்டு குடியாத்தத்திலிருந்து வேலூர் டவுனுக்குப் போனார். கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: “ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 எஸ்எஸ்டி. எந்த கேம் வேணா ஓடும் தம்பி.” விலை 42,000 ரூபாய், மானிட்டர் இல்லாமல். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. அப்பா பில் கேட்டிருக்கிறார். “ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆவும் சார், எதுக்கு வீணா?” என்று சொல்லி, எஸ்டிமேட் தாளில் “ஐ7 கேமிங் செட் – 1” என்று எழுதி, சீல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

நான் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டர் பற்றி அப்போது பெரிதாகத் தெரியாது, ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. மாடல் நம்பர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. “ஐ7” என்பது ஒரு பொருளின் பெயரே அல்ல. வேலூர் ரோடு நெடுக “ஆம்பூர் பிரியாணி” போர்டு தொங்குகிற மாதிரிதான் அது. எந்த அடுப்பில் எப்போது வெந்தது என்று போர்டு சொல்லாது.

முதல் சந்தேகத்தைக் கிளப்பியது வாலரன்ட். கேம் இன்ஸ்டால் ஆனது, திறந்தால் “வேன் 9001” என்று பிழை காட்டி நின்றது. விண்டோஸ் 11-ல் அந்த கேமின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், கலப்படமில்லாத விண்டோஸ் மட்டுமே ஏறவிடும் செக்யூர் பூட்டும் வேண்டும். இந்த மதர்போர்டில் அந்த டிபிஎம் இல்லவே இல்லை. விண்டோஸ் 11 இன்டெல் ப்ராசஸர்களில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதைப் பெரும்பாலும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. எங்களுடையது அதைவிடப் பழையது என்று பிறகு தெரிந்தது. அப்படியானால் விண்டோஸின் பரிசோதனையைத் தாண்டி ஏதோ வழியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சரி, வேறு கேம் பார்க்கலாம் என்று ஜிடிஏ 5 போட்டான். படம் திக்கித் திக்கி ஓடியது. சண்டைக் காட்சி வந்ததும் மொத்த மெஷினும் ஆஃப் ஆகித் தானே மறுபடி எழுந்தது. கடையில் போனில் கேட்டால், “வேலூர் வெயிலுக்கு அப்படித்தான் தம்பி, ஏசி ரூம்ல வைங்க” என்றார்கள்.

வெயில் கொடுமைதான், அதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் நடந்தது வேறு.

உள்ளே எந்த ப்ராசஸர் இருக்கிறது என்று காட்டும் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தோம். ஐ7-2600 என்று காட்டியது. கோடுக்குப் பிறகு வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்: 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2011-ல். என் தம்பி அப்போது பால்வாடியில் இருந்தான். 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர் (வேலை செய்யும் தனித்தனிப் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஏற்கும் வேலை)தான். ஆனால் ஒவ்வொரு கோரும் செய்கிற வேலையில் அந்த ஐ3 இந்த ஐ7-ஐ வெகு தூரம் பின்னால் விட்டுவிடும். ஐ3 சின்னது, ஐ7 பெரியது என்ற நம் நினைப்பை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

கிராபிக்ஸ் கார்டு இன்னும் மோசம். விண்டோஸில் பார்த்தால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்று அழகாகக் காட்டும். என்விடியா தளத்திலிருந்து புது டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, இறக்கிப் போட்டால் ஏறவில்லை. கிராபிக்ஸ் கார்டைப் பரிசோதிக்கும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்ததும் பெயருக்கு முன்னால் “ஃபேக்” என்றே எழுதி வந்தது. இந்த வசதியை 2018-லேயே அதில் சேர்த்துவிட்டார்கள். அவ்வளவு பழைய மோசடி இது. பழைய கார்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதிவிடுகிறார்கள், அது தன்னை என்ன என்று சொல்கிறதோ அதை விண்டோஸ் நம்பிக்கொள்கிறது. உண்மையான 1050 டிஐ-யில் 768 கோர் இருக்கும். எங்களுடையதில் 192. சிப்பின் பெயர் ஜிஎஃப்116, அதாவது 2011-ல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ வகை. என்விடியா அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை 2018-ல் நிறுத்திவிட்டது.

மென்பொருள் இல்லாமலே இதைக் கடையில் கண்டுபிடித்திருக்க முடியும் என்பதுதான் எரிச்சல். கார்டின் பின்பக்கம் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தது. வீட்டிலிருந்த பழைய மானிட்டரை நேராக மாட்ட முடிந்ததால் தம்பி அதை வசதி என்றே நினைத்தான். 1050 டிஐ சிப்பில் விஜிஏ-வுக்கு வேண்டிய பழைய வகை (அனலாக்) வெளியீடே கிடையாது. 1050 டிஐ என்று சொல்லி விஜிஏ போர்ட்டோடு ஒரு கார்டைக் காட்டினால், அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள்.

ஆஃப் ஆனதற்குக் காரணம் எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி. வெளியே பெரிய எழுத்தில் 500 வாட். பக்கவாட்டு ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஐ7-2600-க்கு 95 வாட், அந்தப் பழைய கார்டுக்கு 116 வாட் என்று கம்பெனிக் கணக்கு. கூட்டினால் 211. கணக்குப் பிரிவில் இருக்கிற எனக்கு இது புரிந்த அளவுக்கு வேறெதுவும் புரியவில்லை: 192 கையில், 211 செலவு. கேம் கனமாகும் நேரத்தில் அணையாமல் என்ன செய்யும்? உண்மையான 500 வாட் என்றால் 12 வோல்ட்டில் நாற்பது ஆம்பியர் அளவுக்கு எழுதியிருக்கும். எங்கள் பக்கம் கரண்டும் ஏறி இறங்குகிற ஊர். எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 ப்ளஸ் சான்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

எஸ்எஸ்டி-யும் புதிதல்ல. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தால், எத்தனை மணி நேரம் ஏற்கெனவே ஓடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ராம் மட்டும் சொன்ன அளவில் இருந்தது, அதுவும் டிடிஆர்3 என்ற பழைய வகையாக.

நானும் தம்பியும் கடைக்காரரிடம் போய்க் கேட்டோம். “ஐ7 தானே மேடம் கேட்டீங்க, ஐ7 தானே குடுத்திருக்கேன்? எந்த ஜெனரேஷன்னு நீங்க கேக்கலயே” என்றார். அதற்குக்கூட ஒரு நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டைப் பற்றிக் கேட்டதும், “மேல இருந்து எங்களுக்கு வர்றதே அப்படித்தான்” என்று முடித்துக்கொண்டார். வாரண்டி பற்றிக் கேட்டால் “டெஸ்டிங் வாரண்டி” என்றார். விற்றவர் சரியென்று சொல்கிறவரை வாரண்டி என்று நான் புரிந்துகொண்டேன்.

அப்புறம் வாய்ப் பேச்சை விட்டுவிட்டேன். நல்லவேளை, எஸ்டிமேட்டில் கடை சீலும் தேதியும் இருந்தன. அப்பா 30,000 ரூபாயை ஜிபே-யில்தான் கொடுத்திருந்தார். ஸ்கிரீன்ஷாட், கார்டின் படம், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர் படம், பணம் போன ஆதாரம் எல்லாவற்றையும் வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். 15 நாளில் பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்று கடைசியில் ஒரு வரி. 2019 சட்டப்படி ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, வாங்கிய இரண்டு வருடத்துக்குள் கொடுக்கலாம். எப்படிச் செய்வது என்று 1915 என்ற உதவி எண்ணில் கேட்கலாம்.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அவர் எனக்குப் பேசவில்லை, அப்பாவுக்குப் பேசினார். “பொண்ணு எதுக்கு சார் லெட்டர்லாம் போடுது, நேர்ல வாங்க பேசிக்கலாம்.” செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு 34,000 கொடுத்தார். மீதி 8,000 “அடுத்த மாசம்” என்றார். அடுத்த மாசம் வந்து போய்விட்டது. இரண்டாவது கடிதம் தயாராகிறது.

கிடைத்த பணத்தில் தம்பி இப்போது வாங்கியிருப்பது ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், அதற்குப் பொருந்தும் ஏஎம்4 மதர்போர்டு, 80 ப்ளஸ் எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் வலை வைத்த சாதாரண கேபினெட். தனி கார்டு இல்லை. ப்ராசஸர் பெயரின் கடைசியில் உள்ள “ஜி” என்றால் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. இன்டெல்லில் “எஃப்” என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, கார்டு இல்லாமல் திரையே வராது. இதையும் கேட்டு வாங்குங்கள். ராம் ஒரே 16 ஜிபி-யாக வேண்டாம், இரண்டு 8 ஜிபி-யாகப் போட்டால்தான் உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். மதர்போர்டின் பயாஸ் செட்டிங்கில் எக்ஸ்எம்பி-யை (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் வசதி) ஆன் செய்யாவிட்டால் 3200 வேகம் என்று வாங்கிய ராம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். 2025 கடைசியில் ராம் விலை ஏறியதில் கை கடித்தது, வேறு வழியில்லை. வாலரன்ட் குறைந்த செட்டிங்கில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. பெரிய கேம்களுக்கு இது போதாது; கார்டுக்குப் பணம் சேரும்வரை பொறுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கார்டு வாங்கும்போது வரப்போகிற அடுத்த பொறியையும் சொல்லிவிடுகிறேன்: ஆர்எக்ஸ் 580 என்று விற்கும் கார்டுகளில் 2048 கோர் உள்ளது ஒன்று, 2304 கோர் உள்ளது ஒன்று. முதலாவது பெயரில்தான் 580, வேலையில் அதற்குக் கீழே உள்ள 570. “4 ஜிபி”, “8 ஜிபி” என்பதை வைத்தும் வேகத்தை முடிவு செய்யாதீர்கள். மெதுவான ஜிடி 730 கார்டிலும் 4 ஜிபி உண்டு.

இதே மாதிரி செட் உங்கள் வீட்டில் இருந்தால், கடைக்கு எடுத்துப் போகும் முன் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் படம் எடுத்து வையுங்கள். “செக் பண்ணித் தர்றோம்” என்று உள்ளே கொண்டுபோனால் மாறி வர வாய்ப்பு உண்டு. கடிதத்தில் என்ன எழுதுவது என்று தெரியாதவர்கள் கேளுங்கள், நான் அனுப்பியதைப் பெயர் நீக்கித் தருகிறேன்.