கடைசியா ரிப்ளை வந்த டிக்கெட் மேல வரணும்: மைஎஸ்க்யூஎல்லயும் போஸ்ட்கிரெஸ்லயும் பல வருஷ அனுபவம்

கஸ்டமர் சப்போர்ட் டிக்கெட் சாஃப்ட்வேர் ஒன்ன, அதோட டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 5.6ஆ இருந்த காலத்துலேர்ந்து பாத்துக்கிட்டு வரேன், இப்ப அது போஸ்ட்கிரெஸ்ங்கற இன்னொரு டேட்டாபேஸ்ல ஓடுது. இதுல அதிகமா கை வெச்ச க்வெரின்னா லிஸ்ட் பேஜ் க்வெரிதான். டிக்கெட்டுக்கு ஒரு டேபிள், ரிப்ளைக்கு இன்னொன்னு, எதுக்கு கடைசியா ரிப்ளை வந்துச்சோ அது மேல நிக்கணும், அவ்ளோதான் கேள்வி.

முதல்ல தோணுற வழி இது: ரெண்டு டேபிளையும் ஜாயின் போட்டு, டிக்கெட் ஐடில குரூப் பை, நேரத்துல மேக்ஸ், அதுல ஆர்டர் பை டெஸ்க் (DESC, புதுசு முதல்ல), லிமிட் 25. ரிசல்ட் சரியாதான் வரும், ஆனா டேபிள் வளர வளர இழுக்க ஆரம்பிக்கும், ஏன்னா எல்லா டிக்கெட்டோட மேக்ஸும் தெரிஞ்சாதான் எது மேலன்னே சொல்ல முடியும், 25 வரி காட்டுறதுக்கு ஒவ்வொரு தடவையும் மொத்த ரிப்ளையையும் அலசியாகணும். மைஎஸ்க்யூஎல்ல எக்ஸ்ப்ளெயின் (க்வெரி எப்படி ஓடுதுன்னு காட்டுறது) போட்டா யூசிங் டெம்பரரி, யூசிங் ஃபைல்சார்ட்னு நிக்கும், அதாவது தற்காலிக டேபிள் போட்டு தனியா சார்ட் பண்ணுது. டிக்கெட் ஐடி, நேரம் ரெண்டும் சேந்த இண்டெக்ஸ் போட்டா கொஞ்சம் வேகமாகும், ஆனா அந்த சார்ட் போகவே போகாது.

கடைசியா ரிப்ளை பண்ணவர் பேரும் வேணும்னா இன்னும் கஷ்டம். சப்க்வெரிக்குள்ள சார்ட் பண்ணிட்டு வெளில குரூப் பை போடுற பழைய வித்தை ஒன்னு இருக்கு, 2015ல வந்த மைஎஸ்க்யூஎல் 5.7ல ஒன்லி ஃபுல் குரூப் பைங்கற கண்டிப்பான மோட் டிஃபால்ட்டா ஆன் ஆனதும் அது எரர் அடிக்கும். அந்த மோட ஆஃப் பண்ணிடாதீங்க ப்ளீஸ், எரர் போயிடும், ஆனா உள்ள இருக்குற ஆர்டர் பைய ஆப்டிமைசர் தூக்கிப் போட்டுடலாம், அப்புறம் தப்பான பேர் சத்தமில்லாம வரும். 2018ல 8.0ல ரோ நம்பர் (ஒவ்வொரு டிக்கெட்டோட ரிப்ளைக்கும் வரிசை எண் போடுற விண்டோ ஃபங்ஷன்) வந்தப்புறம் முறையா எழுத முடியுது. போஸ்ட்கிரெஸ்ல விண்டோ ஃபங்ஷன் 2009லயே வந்துடுச்சு, ஒரு டிக்கெட்டுக்கு ஒரே வரி எடுக்குற டிஸ்டிங்ட் ஆன் வேற இருக்கு, ஆனா அதுல முதல்ல டிக்கெட் ஐடிலதான் சார்ட் பண்ணியாகணும், நேர வரிசைக்கு வெளில இன்னொரு ஆர்டர் பை.

எப்படி எழுதுனாலும் படிக்கிறப்ப கணக்கு போடுறது போடுறதுதான். அதனால டிக்கெட் டேபிள்லயே கடைசி ரிப்ளை நேரம்னு ஒரு காலம் (column), ரிப்ளை இன்சர்ட் ஆகுற அதே டிரான்சாக்‌ஷன்ல அத அப்டேட் பண்றது, ஸ்டேட்டஸ், நேரம், ஐடி மூணுக்கும் சேத்து ஒரு இண்டெக்ஸ். இண்டெக்ஸ ஓரத்துலேர்ந்து 25 வரி படிச்சிட்டு நிறுத்திடும், டேபிள் எவ்ளோ பெருசானாலும் கவலையில்ல. நார்மலைசேஷன் (ஒரே தகவல ரெண்டு இடத்துல வெக்கக் கூடாதுங்கற விதி) உடையுதேன்னு சிலர் தயங்குவாங்க, நான் தயங்கவே மாட்டேன். ரிப்ளை டெலிட் ஆனா மட்டும் அந்த ஒரு டிக்கெட்டுக்கு மேக்ஸ திரும்ப எடுக்கணும்.

இதுக்கு அப்டேட்டட் அட் (updated_at, வரி கடைசியா மாறுன நேரம்) காலத்த யூஸ் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். டேக் மாத்துனாலும் அது மாறும், ராத்திரி ஒரு பல்க் ஸ்கிரிப்ட் ஓடுச்சுன்னா காலைல செத்துப்போன டிக்கெட் எல்லாம் மேல வந்து நிக்கும், பதிலுக்கு காத்திருக்குற கஸ்டமர் நாலாவது பேஜ்ல கெடப்பாரு. எத ஆக்டிவிட்டின்னு எண்றதுங்கறத சப்போர்ட் டீம்கிட்டயே கேளுங்க, எங்க ஆளுங்க இன்டர்னல் நோட் கூட வேண்டாம்னுட்டாங்க.

புது டிக்கெட்டுக்கு அந்த கடைசி ரிப்ளை நேர காலத்த நல் (NULL, மதிப்பே இல்லாம காலி)னு விடக் கூடாது, டெஸ்க் சார்ட்ல நல் மைஎஸ்க்யூஎல்ல கடைசில வரும், போஸ்ட்கிரெஸ்ல முதல்ல வரும். உருவான நேரத்தையே போட்டு நாட் நல் ஆக்கிடுங்க. போஸ்ட்கிரெஸ்ல இன்னொரு செலவு, இண்டெக்ஸ்ல இருக்குற காலம் மாறுனா ஹாட் அப்டேட் (HOT, இண்டெக்ஸ தொடாம வரிய மட்டும் மாத்துற வழி) கெடைக்காது, ஒவ்வொரு ரிப்ளைக்கும் டிக்கெட் டேபிளோட பி-ட்ரீ (B-tree, வழக்கமான வகை) இண்டெக்ஸ் எல்லாத்துலயும் புது என்ட்ரி விழும், அதனால அங்க தேவையில்லாத இண்டெக்ஸ தூக்கிடுங்க, ஆட்டோவேக்கம் (பழைய வரிகள தானா சுத்தம் பண்றது) டேபிள்ல எவ்ளோ பங்கு மாறுனா ஓடணும்னு சொல்ற ஸ்கேல் ஃபேக்டர் டிஃபால்ட் 0.2, பெரிய டேபிளுக்கு அத கொறச்சு வெக்கிறது நல்லது.

பேஜ் பிரிக்க ஆஃப்செட் (முதல் இத்தனை வரிய விட்டுட்டு அடுத்தத கொடுன்னு கேக்குறது) இதுக்கு ஒத்தே வராது. முதல் பேஜ் படிச்சிட்டிருக்கப்பவே கீழ கெடந்த ஒன்னுக்கு ரிப்ளை வந்து மேல ஏறிடும், எல்லாம் ஒரு வரி எறங்கும், 25வதா பாத்தது ரெண்டாவது பேஜ்ல திரும்ப முதல்ல நிக்கும். கடைசி வரியோட நேரத்தையும் ஐடியையும் எடுத்து, அதுக்குக் கீழ 25 கொடுன்னு கேளுங்க. ஒரே செகண்ட்ல ரெண்டு ரிப்ளை வரும், அதனால ஐடி கண்டிப்பா வேணும். போஸ்ட்கிரெஸ்ல ரெண்டையும் ஒரே ஜோடியா கம்பேர் பண்ணலாம், இண்டெக்ஸ் அழகா புடிக்கும், மைஎஸ்க்யூஎல்ல ஆர் (OR) போட்டு பிரிச்சு எழுதுறதுதான் நல்லது. நேரா 40வது பேஜுக்கு தாவ முடியாது, ஆனா எங்க டீம்ல அத யாரும் கேக்கல, பழசு வேணும்னா சர்ச்லதான் போறாங்க.