“ஹோட்டல் காசு மட்டும் கட்டினால் போதும்”: வெளிநாட்டுத் தொண்டர் அழைப்பு வந்த வன்னிப் பிள்ளைகள் கவனிக்க

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் முல்லைத்தீவுப் பெடியன் ஒருவனுக்கு ஐ.நா.வின் பெயரில் வட்ஸ்அப்பில் வந்த கடிதம் இது. அமெரிக்காவில் ஒரு வாரம், பிறகு செனகல் நாட்டு டக்காரில் ஒரு வாரம் இளைஞர் தொண்டர் மாநாடு. டிக்கெட், விசா, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. டக்காரில் ஹோட்டல் அறைக்கு மட்டும் நாம் கட்ட வேண்டுமாம்.

அந்த “மட்டும்” தான் அவர்களின் முழு வியாபாரமும். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. ஹோட்டலுக்குப் பிறகு காப்புறுதி என்றார்கள், அதற்குப் பிறகு விசா பைல் திறக்க என்றார்கள். மூன்றாவது முறை காசு போட்டதோடு நம்பர் வேலை செய்யவில்லை. இது உலகம் முழுக்கச் சுற்றும் பழைய கள்ளம். அமெரிக்கப் பகுதிக்கு ஒரு சதமும் கேட்பதில்லை, அதனால் நம்பிக்கை வருகிறது. டக்கார் ஹோட்டலைப் பரந்தனில் இருந்து யார் போய் விசாரிப்பது?

கடிதத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஐ.நா. சின்னத்தின் ஓரம் கலங்கியிருக்கும், கையெழுத்தின் மேல் முத்திரை ஒட்டவைத்ததுபோல் நிற்கும். மின்னஞ்சலும் வந்தால், அதில் தெரியும் பெயரை நம்பாமல் அதை அழுத்தி முழு முகவரியையும் பாருங்கள். பெயர் ஐ.நா. என்றிருக்கும், முகவரி ஜிமெயிலில் முடியும். ஜேர்மனியின் பொன் (Bonn) நகரைத் தலைமையகமாகக் கொண்ட ஐ.நா. தொண்டர் திட்டம் விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்திலும் காசு வாங்குவதில்லை. தன் தொண்டருக்கு வாழ்க்கைச் செலவுப் படியும் கொடுக்கிறது. ஜேர்மன் அரசின் வெல்ட்வேர்ட்ஸ் என்ற இளைஞர் தொண்டர் திட்டம் 2008இல் தொடங்கியது. நம்மைப் போன்ற நாட்டுப் பிள்ளைகளை அங்கே எடுக்கும் அதன் பிரிவில் ஆளைத் தெரிவுசெய்வது இங்குள்ள பங்காளி அமைப்பு. நடுவில் ஏஜென்டுக்கு இடமே இல்லை.

காசு கேட்டாலே கள்ளம் என்றும் எடுக்கக் கூடாது. இரண்டு மூன்று கிழமை நடக்கும் தொண்டர் முகாம்களில் டிக்கெட் நம்முடையது, பங்கேற்புக் கட்டணமும் சிறிதாக இருக்கும், சாப்பாடும் தங்குமிடமும் முகாம் நடத்துபவர்கள் தருவார்கள். இந்த முகாம் வழக்கம் 1920இல் பிரான்சின் வெர்டன் பக்கம், போரில் இடிந்த ஊரொன்றைத் திருப்பிக் கட்டத் தொடங்கியது. வன்னிப் பிள்ளைக்கு அந்த வேலையின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் இந்தப் பெயரில் ஏமாற்றுவதைப் பொறுக்க முடியவில்லை. உண்மையான கட்டணத்துக்கு அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கும் பற்றுச்சீட்டும் இருக்கும். தனியாளின் கணக்கு, ஈசி கேஷ் போன்ற கைப்பேசிப் பணம் என்றால் விட்டுவிடுங்கள்.

விசா வகையைக் கேளுங்கள், பாதிக் கள்ளம் அங்கேயே வெளிக்கும். பிரித்தானியாவுக்குச் சுற்றுலா விசாவில் போனவர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் கூடியது 30 நாள்தான் தொண்டு செய்யலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்றால் தொண்டுப் பணியாளர் விசாவும், நிறுவனம் கொடுக்கும் அனுசரணைச் சான்றும் வேண்டும். அமெரிக்காவுக்குப் பரிமாற்றத் திட்டத்தில் போவதென்றால் பெரும்பாலும் ஜே-1 விசா. அதற்கு டிஎஸ்-2019 என்ற படிவத்தை அனுசரணை அமைப்பே தர வேண்டும். “விசிட்டில் போய் அங்கே மாற்றலாம்” என்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.

பேச்சில் “சம்பளம்” என்ற சொல் வந்தால் அது தொண்டு அல்ல, வேலை. வேலைக்கு ஆள் அனுப்ப வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, அந்த அனுமதிப்பத்திர இலக்கம் சரியா என்று கேளுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கையர் பலர்.

காசு போய்விட்டதென்றால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள், கணக்கில் மீதி இருந்தால் மறிக்கப் பார்க்கலாம். வெட்கத்தில் வட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அந்த நம்பர், வைப்புச் சிட்டை, கடிதம் மூன்றையும் பிரதி எடுத்துப் பொலிசில் முறைப்பாடு போட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வாருங்கள். “கட்டின காசை மீட்டுத் தருகிறோம்” என்று பிறகு ஒரு அழைப்பு வரும். அதுவும் அதே கூட்டம்தான்.