140 டாலர் பீத்தோவன் பெட்டி: லைப்ரரி சேல் ரெக்கார்டுகளை ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனத்துக்கு

அமெரிக்க லைப்ரரிகள் கழித்த பொருட்களை விற்கும் புத்தக விற்பனைகளில் அள்ளிய கிளாசிக்கல் ரெக்கார்டுகளை ஆன்லைனில் விற்பவர்களிடம் வாங்குகிறீர்களா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 140 டாலர் போயே போச்சு.

பொருள் இதுதான்: ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் கராயன் நடத்திய பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகள், டாய்ச்ச கிராமஃபோன் என்ற ஜெர்மன் ரெக்கார்டு கம்பெனி 1963-இல் வெளியிட்ட 8 எல்.பி. தட்டுகள் கொண்ட பெட்டி. ஆரம்பகால அச்சில் மஞ்சள் லேபிளின் விளிம்பைச் சுற்றித் துலிப் பூ வரிசை இருக்கும். பிற்கால அச்சில் நீலக் கோடுகள். "எட்டும் துலிப்தானா?" என்று விற்பவரைக் கேட்டதற்கு ஒரே ஒரு லேபிளைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பி, "எட்டும் இதேதான், கீறல் கிடையாது" என்று பதில் வந்தது. அந்தப் படத்தை நம்பித்தான் பணம் கட்டினேன்.

வந்ததில் ஐந்துதான் துலிப். இரண்டு நீலக்கோடு. ஒன்பதாவது சிம்பொனி முடிகிற தட்டு இருக்க வேண்டிய உறையில் வேறு கம்பெனியின் மொசார்ட்! பெட்டிக்குள் லைப்ரரியின் கழிவு முத்திரை, தேதிச்சீட்டைக் கிழித்த பசை. அந்தப் பக்கம் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மயிரிழைக் கோடுகள். எத்தனையோ பேர் இரவல் வாங்கி, பிளேயரின் நடுக்கம்பியில் (ஸ்பிண்டில்) உரசி உரசி மாட்டிய தடம். தேய்ந்த ஊசியில் ஓடிய தட்டு பார்வைக்குப் பளபளவென்றே இருக்கும். ஆர்கெஸ்ட்ரா முழுசாக எழும் இடத்தில், அதுவும் உள்சுற்றுகளில், கரகரவென்று கிழியும். பள்ளத்தின் சுவரே தேய்ந்துபோனதால் எத்தனை முறை கழுவினாலும் போகாது.

விற்றவரைக் கேட்டால், "லைப்ரரியில் கிடைத்தபடியே அனுப்பினேன்." அப்படியென்றால் எட்டும் துலிப் என்று எதைப் பார்த்துச் சொன்னார்? அடுத்து, "தட்டை நீங்களே மாற்றியிருக்கலாம்." விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தால், "பொருள் வந்து சேர்ந்தது, புகார் முடிக்கப்பட்டது" என்று பதில். படங்களோடு மறுபடி எழுதினேன். எழுத்து மாறாமல் அதே பதில். 140 டாலரில் ஒரு சென்ட்கூடத் திரும்பவில்லை.

லைப்ரரி மேல் குறையே இல்லை. அங்கே பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்து, சொற்ப விலைக்கு வாங்கலாம்.

அவசரமாகச் சில: 16 பக்க லேபிளுக்கும் படம் கேளுங்கள், லேபிளை ஒட்டிப் பொறித்த எண்ணோடு. பெட்டியின் உள்பக்கமும் வேண்டும். முதல் பக்கத்தின் பின்னால் இரண்டாம் பக்கம் இல்லாவிட்டால் பதற வேண்டாம், தட்டுகளை அடுத்தடுத்துத் தானே போடும் ஆட்டோ சேஞ்சருக்காகச் சில பெட்டிகளை அப்படி அச்சிட்டார்கள். சி.டி. என்றால், 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தில் பி.டி.ஓ. என்ற சி.டி. ஆலை அச்சிட்டது செம்பு நிறமாகியிருந்தால் தொடவே தொடாதீர்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.