எரோய்கா ரூட்: டஸ்கனி கோட்டைங்களுக்கு நடுவுல கிராவல் சைக்கிள், முழு ரிவ்யூ

ஐரோப்பால ஒரே ஒரு கிராவல் ரூட்தான் (தார் போடாம கல்லும் மண்ணுமா இருக்கற ரோடு) ஓட்ட முடியும்னா எதை ஓட்டலாம்னு யாராவது கேட்டா, நான் யோசிக்காம சொல்றது இத்தாலில டஸ்கனி, அதுலயும் கியாந்தி மலைப்பக்கம், கயோலேங்கற சின்ன ஊர்ல ஆரம்பிச்சு ஒரு பெரிய சுத்து சுத்தி அங்கயே வந்து முடியற எரோய்கா பர்மனென்ட் ரூட். மொத்தம் 209 கிலோமீட்டர், அதுல ஏறக்குறைய பாதி தார் போடாத வெள்ளை ரோடு, ஏற்றத்தை எல்லாம் கூட்டினா 3,500 மீட்டருக்கு மேல வரும். வருஷம் முழுக்க ஓட்டலாம், கட்டணம் கிடையாது, எந்த சைக்கிள் வேணா கொண்டு போகலாம். நானும் என் ஃபிரெண்டும் ரெண்டு மூணு துண்டா பிரிச்சு, அங்கங்க தங்கி ஓட்டினோம். அதான் சரியான முறைன்னு அடிச்சு சொல்வேன். ஒரே நாள்ல முடிக்கறவங்க இருக்காங்க, அவங்களுக்கு பெரிய கும்பிடு, ஆனா அப்படி ஓட்டினா கோட்டை எல்லாம் சைடுல ஓடிப்போயிடும், ஒண்ணையும் நின்னு பாக்க முடியாது.

இந்த ரோடுங்க இன்னும் மண் ரோடாவே இருக்கறது காசு இல்லாததாலயோ பஞ்சாயத்து கண்டுக்காததாலயோ இல்ல. டஸ்கனில இந்த பழைய ரோடுங்க மேல ஒண்ணொண்ணா தார் ஏறிட்டு வந்த காலத்துல, இதை காப்பாத்தணும்னு கயோலேக்காரர் ஜியான்கார்லோ புரோச்சி 1997ல ஒரு சைக்கிள் ரைட் ஆரம்பிச்சார், முதல் வருஷம் வந்தது 92 பேர். 1987க்கு முந்தின ஸ்டீல் ரேஸ் சைக்கிள், ஃபிரேம்ல கை வச்சு மாத்தற கியர், வுல்லன் ஜெர்சின்னு பழைய காலத்து ஸ்டைல்ல ஓட்டணும்ங்கறது ரூல். இப்ப ஒவ்வொரு அக்டோபரும் உலகம் பூரா இருந்து ஆயிரக்கணக்குல ஆளுங்க வந்து குவியறாங்க. அந்த ரைட் ஓடற ரோடைத்தான் போர்டு வச்சு நிரந்தர ரூட்டாவும் ஆக்கியிருக்காங்க. ஒரு மண் ரோடை மண் ரோடாவே விட்டு வைக்கறதுக்கு சைக்கிளை ஆயுதமா எடுத்தாங்க பாருங்க, அதுக்காகவே இந்த ரூட் மேல எனக்கு தனி மரியாதை.

கயோலேல இருந்து கிளம்பி கொஞ்ச தூரம் தார் ரோடு, அப்புறம் புரோலியோ கோட்டைக்கு ஏறற முதல் வெள்ளை ரோடு. ரெண்டு பக்கமும் சைப்ரஸ் மரம் வரிசையா நிக்குது, நடுவுல சின்னச் சின்ன வெள்ளைக் கல்லு நெரியற சத்தம், ஏற்றம் நல்லாவே இருக்கு, எந்திரிச்சு நின்னு மிதிச்சா பின் சக்கரம் வழுக்கும், அதனால உக்காந்தபடியே மெதுவா ஏறணும். காலைல சீக்கிரம் போனோம், ரோட்டுல ஆளே இல்ல. அக்டோபர் ரைடு அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே ஆளுங்க இந்த ஏற்றத்துல ஏறுவாங்க, வழி நெடுக விளக்கு ஏத்தி வச்சிருப்பாங்க. மேல புரோலியோ கோட்டை 1141ல இருந்து ரிக்காசோலி குடும்பத்துக்கிட்ட இருக்கு. இந்த குடும்பத்துல வந்த பெத்தினோ ரிக்காசோலி இத்தாலியோட ரெண்டாவது பிரதமர், இன்னைக்கு நாம கேள்விப்படற கியாந்தி வைனுக்கு எந்த திராட்சை எவ்வளவுன்னு வழி சொன்னவரும் அவர்தான். டிக்கெட் எடுத்து உள்ள போய் மதில் மேல நடங்க, தயவு செஞ்சு இதை விட்டுடாதீங்க, வானம் தெளிவா இருந்தா தூரத்துல சியேனா ஊர் கோபுரம் தெரியும்.

இவ்வளவு சின்ன ஏரியாவுல இத்தனை கோட்டை எதுக்குன்னு தோணும். வடக்க ஃபிளாரன்ஸ், தெக்க சியேனா, நடுவுல மாட்டினது கியாந்தி. ரெண்டு ஊரும் நூத்துக்கணக்கான வருஷம் அடிச்சுக்கிட்டாங்க, 1260ல மோந்தபெர்த்தில நடந்த சண்டை அதுல ரொம்பப் பேர் போனது. எல்லைச் சண்டைக்கு ஒரு கதை சொல்வாங்க. ரெண்டு ஊர்லயும் சேவல் கூவினதும் ஒரு குதிரை வீரன் கிளம்பணும், ரெண்டு பேரும் எங்க சந்திக்கறாங்களோ அதான் எல்லை. ஃபிளாரன்ஸ்காரங்க ஒரு கறுப்பு சேவலை பட்டினி போட்டாங்களாம், அது பொழுது விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே கூவிடுச்சு, அவங்க ஆளு சியேனாவுக்கு ரொம்பப் பக்கத்துல வரைக்கும் வந்துட்டான். கியாந்தி கிளாசிக்கோ வைன் பாட்டில்ல இருக்கற கறுப்பு சேவல் இதுதான். கயோலே பக்கத்துலயே ரெண்டு உருண்டைக் கோபுரத்தோட மெலேத்தோ கோட்டை இருக்கு, மேட்டு மேல வெர்த்தினேன்னு கல்லு வீடா அடைஞ்ச குட்டி கிராமம் இருக்கு, ரெண்டுக்கும் ரூட்டை விட்டு கொஞ்சம் விலகிப் போகணும், போங்க.

சியேனாவை ஓரமா தொட்டுட்டு ரூட் தெக்க இறங்குது. முர்லோ பக்கம் காடு, நிழல், சுகமான ஓட்டம். அப்புறம் மோந்தல்சினோ ஏற்றம், நீளமா இருக்கும், வெயில் நேரத்துல கஷ்டம். மேல 1361ல கட்டின கோட்டை. 1555ல சியேனா ஃபிளாரன்ஸ் பக்கம் விழுந்ததுக்கு அப்புறமும் சியேனாக்காரங்க இங்க வந்து நாலு வருஷம் தாக்குப் பிடிச்சாங்க. புருனெல்லோ வைன் ஊரும் இதான், அதனால டூரிஸ்ட் கூட்டமும் விலையும் ஜாஸ்தி.

ரூட்டோட உயிர் எனக்கு பின்பாதிலதான் இருக்கு. அஸ்சியானோ தாண்டி மோந்தே சாந்தே மரியே, 11.5 கிலோமீட்டர் கிராவல். கியாந்தி மாதிரி மரம் செடி இங்க கிடையாது, மொட்டை மொட்டையா சாம்பல் நிறக் களிமண் மேடு, மழை அரிச்ச பள்ளம், மேட்டு முதுகு மேலயே ரோடு. சட்டுனு செங்குத்தா இறங்கும், இறங்கின வேகம் தீரறதுக்குள்ள அதே அளவுக்கு ஏறும், வளைவுல கல்லு தளர்வா குவிஞ்சு கிடக்கும், நடுவுல வரி வரியா மேடு பள்ளம் வந்து கை ரெண்டும் அதிரும். பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே பிடிச்சு முடிச்சிடணும், வளைவுக்குள்ள தொடவே கூடாது. ஸ்திராதே பியாங்கேங்கற பெரிய சைக்கிள் ரேஸ் பாக்கறவங்களுக்கு இந்த இடம் தெரிஞ்சிருக்கும், எரோய்கால இருந்து 2007ல பிறந்த ரேஸ் அது. அதை மூணு தடவை ஜெயிச்ச சுவிஸ் ரேஸர் கான்செல்லாரா பேரை இந்த ரோட்டுக்கு வச்சிருக்காங்க, 2024ல ஸ்லோவேனியா ரேஸர் பொகாச்சார் இங்கதான் எல்லாரையும் கழட்டி விட்டுட்டு கடைசி 81 கிலோமீட்டரை தனியா ஓட்டி ஜெயிச்சார். டிவில பாக்கறப்ப சும்மா மண் ரோடுன்னு நினைச்சது, நேர்ல மிதிச்சப்பதான் அந்த ஆளுங்க எந்த லெவல்னு உறைச்சுது.

போர்டு விஷயத்துல பத்துக்கு எட்டு. பிரிவு ரோடு வர்ற இடத்துல பெரும்பாலும் எரோய்கா போர்டு இருக்கு, ஆனா சில இடத்துல செடி மூடியிருக்கு, எதிர்ப்பக்கம் வந்தா சுத்தமா தெரியாது, அதனால போன்லயோ ஜிபிஎஸ்லயோ வழி காட்டற ஜிபிஎக்ஸ் ஃபைலை ஏத்திக்கோங்க. ரோட்புக்னு முத்திரை வாங்கற சின்ன புக் ஒண்ணு வாங்கிக்கலாம், வழில இருக்கற சில பார்லயும் (இத்தாலில பார்னா காபிக் கடை மாதிரி) கடையிலயும் அதுல முத்திரை குத்துவாங்க. ஒரு பார்ல அந்த அம்மா காபி மெஷினை அப்படியே விட்டுட்டு கல்லாவுக்கு அடில தேடி ஸ்டாம்பை எடுத்து, ஊதி, ரெண்டு கையாலயும் அழுத்தி குத்திக் குடுத்தாங்க. அந்த அக்கறை மனசுல நிக்குது.

குறைன்னா வாடகை சைக்கிள். நாங்க எடுத்த கடைல கிராவல் பைக்னு சொல்லி குடுத்ததுல டயர் 32 எம்எம், கியர் ரோடு ரேஸுக்கானது, 15 சதவீத ஏற்றத்துல முட்டி கழண்டு போச்சு. மாத்தித் தாங்கன்னு கேட்டதுக்கு ஸ்டாக் இல்லன்னு ஒரே பதில், அதுக்குன்னு வாடகையும் குறைக்கல. புக் பண்றப்பவே டயர் 38 அல்லது 40 எம்எம்மா, முன்னாடி சின்ன பல்சக்கரத்துல எத்தனை பல், பின்னாடி பெருசுல எத்தனை பல்னு மெயில்ல எழுதி வாங்கிடுங்க. பின்னாடி பல்லு எண்ணிக்கை முன்னாடிக்கு சமமாவோ அதிகமாவோ இருக்கணும், இதுல சமரசம் வேண்டாம்.

தண்ணி கிராமத்துக் குழாய்ல கிடைக்கும், அஸ்சியானோல ரெண்டு பாட்டிலையும் ரொப்பிக்கோங்க, அதுக்கப்புறம் ரொம்ப தூரத்துக்கு ஒண்ணும் இல்ல. சின்ன ஊர்ல மதியம் ஒரு மணிக்கு மேல கடையை சாத்தினா சாயங்காலம்தான் திறப்பாங்க. சைவம் சாப்பிடறவங்க கவலைப்பட வேண்டாம், ரிபொல்லித்தான்னு பீன்ஸும் கீரையும் பழைய ரொட்டியும் போட்ட கெட்டி சூப் வயித்துக்கு நல்லா நிக்கும், கறி வேக வச்ச தண்ணி சேத்தாங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க. டஸ்கனி ரொட்டில உப்பே இருக்காது, வேர்த்து ஊத்தற நாள்ல உப்புக்கு தனியா ஏதாவது வச்சுக்கணும்.

ஏப்ரல் கடைசில இருந்து ஜூன் பாதி வரைக்கும், அப்புறம் செப்டம்பர், இதான் சீசன். ஆகஸ்ட்ல வெயில் தாங்காது. மழை பெஞ்ச மறுநாள் அஸ்சியானோ பக்கம் போகவே போகாதீங்க, அந்தக் களிமண் கேழ்வரகுக் களி மாதிரி டயர்ல அப்பி ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல அடைச்சு சைக்கிளை நிறுத்திடும், கியாந்தி பக்கம் கல்லு ரோடுங்கறதால அந்தப் பிரச்சினை கம்மி. கயோலேக்கு ரயில் கிடையாது, சியேனால இறங்கி மிதிச்சே வந்துடலாம். புவோன்கொன்வென்தோவுலயும் அஸ்சியானோவுலயும் ஸ்டேஷன் இருக்கு, கால் ஓஞ்சு போனா அங்க இருந்து சைக்கிளோட ரயில் ஏறி சியேனா திரும்பிடலாம். ஒரே ஒரு நாள்தான் இருக்குன்னா முழு ரூட்டை மறந்துட்டு கயோலே, புரோலியோ, ராத்தா, திரும்ப கயோலேன்னு ஒரு சின்ன சுத்து போடுங்க, கோட்டை பாக்கவும் நேரம் இருக்கும்.