பாகூர் ஏரிக்கரையில் ஓர் ஐப்பசி நடை

புதுச்சேரியை அடுத்த பாகூர் வட்டாரத்து நடைக் குழு ஒன்று ஐப்பசியில் நடத்தும் ஏரிக்கரை நடைக்கு இம்முறை நானும் என் அக்காவும் ஆளுக்கு 200 ரூபாய் கட்டிப் பெயர் கொடுத்திருந்தோம். காலைச் சிற்றுண்டியும் அதில் அடக்கம். கடலூரில் புதுச்சேரிப் பேருந்து ஏறி, கன்னியக்கோயிலில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து 6 மணிக்கெல்லாம் மூலநாதர் கோயில் வாசலில் நின்றோம். ஏற்பாட்டாளர்கள் வந்து சேர்ந்தபோது மணி 6.40.

அந்த நாற்பது நிமிடமும் வீண்போகவில்லை. 949இல் தக்கோலத்தில் சோழரை வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனைக் கன்னரதேவன் என்று குறிக்கும் கல்வெட்டுகள் இந்தக் கோயிலில் சோழர் கல்வெட்டுகளோடு சேர்ந்தே இருக்கின்றன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. இவற்றையெல்லாம் வழிகாட்டி இளைஞர் கைபேசியைப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, குழுப் படம் எடுக்க எங்களை நிறுத்தி வைத்ததில் இன்னொரு கால்மணி கரைந்தது.

ஏரிக்கரையில் எங்களோடு சேர்ந்துகொண்ட உள்ளூர் விவசாயப் பெரியவர்தான் கொடுத்த பணத்துக்கு நியாயம் செய்தவர். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருவதையும், பங்காரி, சிங்காரி என்ற இரு தாசிகள் தங்கள் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டியதாக ஊரில் வழங்கும் கதையையும் அவர் மதகின் மேல் உட்கார்ந்து, அவசரமில்லாமல் சொன்னார். பிறகு சம்பா நட்டிருந்த வயலில் இறங்கி, வரப்பில் விரல் நுழையும் அளவுக்கு இருந்த நண்டு வளையைக் காட்டினார். மேலே பார்த்தால் சின்ன ஓட்டை; ஆனால் மறுபக்கம் வரப்பின் அடியில் தண்ணீர் நூலாகக் கசிந்து பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பிடி வைக்கோலைச் சேற்றில் குழைத்து உள்ளே திணித்துக் குதிகாலால் அவர் மிதித்ததும் கசிவு நின்றது. என் ஷூவில் அதற்குள் ஒரு கிலோ களிமண்ணாவது ஏறியிருக்கும். "கழட்டிக் கையில எடுத்துக்குங்க சார், வெறுங்கால்தான் வரப்பைப் புடிக்கும்" என்றார். கழற்றிய பிறகு நான் ஒருமுறைகூட வழுக்கவில்லை. ஷூவோடு நடந்த அக்கா இரண்டு முறை வயலில் இறங்கினாள்.

பறவைகளைப் பொறுத்தவரை பெரிதாக எதிர்பார்த்துப் போக வேண்டாம், இருபது பேர் பேசிக்கொண்டே நடந்தால் எது நிற்கும்? இருந்தும் நத்தைக்குத்தி நாரை ஒன்று, மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும் அந்த அலகோடு, பத்தடி தூரத்தில் நத்தை தேடிக்கொண்டிருந்ததைப் பார்க்க முடிந்தது.

என் முதன்மையான குறை தூரத்தைப் பற்றியது. 5 கிலோமீட்டர் என்று சொல்லித்தான் பெயர் வாங்கினார்கள். திரும்பியபோது என் கைபேசி எட்டைத் தாண்டியிருந்தது. மூட்டுவலியோடு வந்திருந்த அம்மா ஒருவரைப் பாதி வழியில் யாருடைய இருசக்கர வண்டியிலோ ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. வழியில் பெண்களுக்குக் கழிப்பிட ஏற்பாடு எதுவும் இல்லை, அதைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சிற்றுண்டியில் குறையில்லை: சூடான இட்லிக்கு மல்லாட்டை (நிலக்கடலை) சட்னி, கேட்டவர்களுக்கு மறுபடியும் கிடைத்தது.

நடக்கத் தெம்பிருப்பவர்கள் தயங்காமல் போகலாம். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் மதகு வரை ஆட்டோவிலேயே வந்து, பெரியவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, வயலில் இறங்காமல் திரும்பிவிடலாம். ஆனால் அப்படித் திரும்புவோருக்குச் சிற்றுண்டியை எங்கே, எத்தனை மணிக்குத் தருவார்கள் என்பதைப் பணம் கட்டும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.