திருச்சி லீவுல பையனுக்கு பிபி பாத்த அனுபவம்

ஜூன் லீவுக்கு சிங்கப்பூர்லருந்து திருச்சி போயிருந்தோம், மூணு வாரம். பையனுக்கு 11 வயசு, உயரம் 146, வெயிட் 58 கிலோ. அவன் அப்பாயிக்கு எம்பேரன் கொழுகொழுன்னு இருக்கான்னு ஒரே சந்தோஷம். எனக்கு அவன் பின்கழுத்து தான் உறுத்திட்டே இருந்துச்சு, கறுத்து தடிச்சு வெல்வெட் துணி மாதிரி இருக்கும், அழுக்குன்னு நெனச்சு ஒரு வருஷமா பயத்தமாவு போட்டு தேச்சிருக்கேன். அது அழுக்கே இல்லயாம், ஒடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலங்கறதோட அடையாளமாம். அவன் எரியுதும்மான்னு அழுதத நெனச்சா இப்பவும் மனசு தாங்கல.

மொதல்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில பேக்கேஜ் செக்கப். நர்ஸ் சின்னப் பையன் தானேன்னு சின்ன பிபி பட்டைய எடுத்து இழுத்துப் புடிச்சு கட்டுனாங்க, 138/86. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. டாக்டர் ரெண்டு நிமிஷம் பாத்தாரு, ரத்தத்துல கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேத்துற ஒரு கழிவு) நார்மல், கிட்னிக்கு ஒண்ணும் இல்ல, பிபி பயத்துல ஏறியிருக்கும், வெயிட்ட கொறைங்கன்னு அனுப்பிட்டாரு.

மனசு கேக்காம, அண்ணி சொன்ன தில்லை நகர் குழந்தை டாக்டரம்மாகிட்ட போனோம். 5 மணிக்கு டோக்கன் போட்டு உள்ள போறப்ப 8 தாண்டிருச்சு, ஆனா அவங்க பாத்த விதம் இருக்கே! டேப் வச்சு கை சுத்தளவு அளந்தாங்க, இந்தக் கைக்கு பெரியவங்க பட்டை தான் சரி, பட்டை சின்னதா இருந்தா பிபி கூட்டித்தான் காட்டும்னாங்க, அஞ்சு நிமிஷம் பேசாம சாஞ்சு உக்கார வச்சு மூணு தடவ எடுத்தாங்க. 118/76. நான் அப்பாடான்னு மூச்சு விட்டேன். இல்லம்மா, இது நம்மள மாதிரி பெரியவங்களுக்கு நல்ல அளவு, புள்ளைங்களுக்கு வயசு, உயரம், ஆணா பொண்ணான்னு சார்ட்ல பாக்கணும், இவனுக்கு வரம்புகிட்ட நிக்குதுன்னு காட்டுனாங்க. இடுப்பு சுத்தளவு உயரத்துல பாதிக்கு மேல இருக்கான்னு அளந்தாங்க, இருந்துச்சு. ராத்திரி குறட்டை விடுறானா, மூச்சு நின்னு நின்னு வருதான்னு கேட்டாங்க. இத அதுவரைக்கும் யாருமே எங்கள கேட்டதில்ல.

கிட்னி பத்தி அவங்க சொன்னத கண்டிப்பா எழுதணும். ஒடம்பு பெருத்தா கிட்னி அளவுக்கு மீறி வடிகட்டுமாம், அதனால ஆரம்பத்துல கிரியேட்டினின் நல்லாவே தான் இருக்கும், யூரின்ல ஆல்புமின்ங்கற புரதம் கசியறது தான் மொதல்ல தெரியும். அதுக்கு ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம்னு டெஸ்ட், காலைல எந்திரிச்சதும் போற மொத யூரின் தான் குடுக்கணும், காய்ச்சல் இருந்தாலோ முந்தின நாள் ஓடியாடி வெளையாடியிருந்தாலோ சும்மாவே கூடுதலா வரும். mg/g கணக்குல 30க்கு கீழ இருக்கணும், இவனுக்கு 44. ஒரு தடவ வந்தத வச்சு வியாதின்னு முடிவு பண்ண மாட்டேன், மூணுல ரெண்டு தடவ கூடுதலா வந்தா தான்னு சொல்லி, அடுத்த ரெண்டு டெஸ்ட் சிங்கப்பூர்ல எப்ப எடுக்கணும், பிபிக்கு எந்த சைஸ் பட்டைன்னு ஃபைல்லயே எழுதிக் குடுத்தாங்க.

கெளம்புற அன்னிக்கு அப்பாயி பால்ல ஹார்லிக்ஸ் கலக்காம குடுத்தாங்க, எதுவும் பேசல, அவன் கழுத்த தடவிட்டே இருந்தாங்க. அடுத்த யூரின் டெஸ்ட் ஆகஸ்ட் மொத வாரம்.